குழந்தையின் கண்ணில் பாக்டீரியா வளர்ந்ததாக ரிப்போர்ட் வந்தால்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நான்கு வயது மகளுக்கு மாறுகண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் கண்ணில் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதில் 'ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளர்ந்துள்ளது' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கண்ணில் சிவப்பு இல்லை, பீளை இல்லை, குழந்தை கண்ணைக் கசக்குவதும் இல்லை. இது தொற்றா? ஆன்டிபயாடிக் சொட்டு விட்டு அதை ஒழித்துவிட வேண்டுமா? குழந்தைகளின் கண்ணில் பாக்டீரியா குடியிருப்பது சகஜம் என்கிறார்களே, அது நிஜமா?

முதலில் நேரடியான பதில்: தொற்று இல்லை. நீங்களாக எந்தச் சொட்டும் விட வேண்டாம். சகஜம் என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கண் மாதிரிகளைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது பல வருடங்களாக என் வேலை. ஒரு நோயும் இல்லாத கண்ணிலிருந்து அதிகமாக வளர்ந்து வருவது எது என்று கேட்டால் இந்தப் பெயரைத்தான் சொல்வேன். வேறு ஏதாவது வந்திருந்தால்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

'வளர்ந்துள்ளது' என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கண்ணுக்குள் ஏதோ பெருகிக்கொண்டிருப்பது போல அது கேட்கிறது. வளர்ந்தது உங்கள் மகளின் கண்ணில் இல்லை, எங்கள் தட்டில். பஞ்சில் ஒட்டி வந்த ஒரே ஒரு பாக்டீரியாவைச் சத்துள்ள தட்டில் வைத்து, உடல் சூட்டில் ஓரிரு நாள் விட்டால், அது கோடிக்கணக்கில் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு வெள்ளைப் புள்ளியாகிவிடும். அதைத்தான் வளர்ச்சி என்று எழுதுகிறோம். நான்கு புள்ளி வந்தாலும் ரிப்போர்ட்டில் பெயர் வரும், தட்டு முழுக்க நிரம்பி வழிந்தாலும் அதே பெயர்தான் வரும். எவ்வளவு வந்தது என்பதை ஒரு மூலையில் சின்னதாகக் குறித்திருப்பார்கள், அதை யாரும் படிப்பதில்லை.

சரி, உண்மையில் எவ்வளவுதான் இருக்கிறது? மிகமிகக் குறைவு. ஆரோக்கியமான கண்ணின் வெண்படலத்தை (வெள்ளை விழியையும் இமையின் உட்புறத்தையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு) மரபணு முறையில் ஆராய்ந்து 2016இல் வந்த ஓர் ஆய்வு, முகத் தோலிலும் கன்னத்தின் உட்புறத்திலும் இருப்பதைவிடக் கண்ணில் நூறு மடங்குக்கும் மேல் குறைவாகத்தான் பாக்டீரியா இருக்கிறது என்று காட்டியது. வாயும் குடலும் நெரிசலான நகரங்கள் என்றால், கண் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடிசைகள் உள்ள வறண்ட நிலம். அதே ஆய்வில் பலருடைய கண்ணில் டார்க் டெனோ என்ற வைரஸின் மரபணுவும் கிடைத்தது. அவர்கள் யாருக்கும் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆக, கண்ணில் ஏதோ ஒன்று 'இருக்கிறது' என்பது மட்டுமே ஒரு செய்தி ஆகாது.

இந்தக் குறைவுதான் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய தலைவலி. மாதிரியில் பாக்டீரியா கொஞ்சமாக இருந்தால், மரபணுவைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தும் ரசாயனங்களிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே கலந்திருக்கும் பாக்டீரியா மரபணு அதை அமுக்கிவிடும். 2011இல் வந்த ஓர் ஆய்வு கண்ணின் வெண்படலத்தில் கிடைத்த வகைகளைப் பட்டியல் போட்டபோது, அதில் பிராடிரைசோபியம் என்ற பெயரும் இருந்தது. அது மண்ணில், செடிகளின் வேர் முடிச்சில் வாழ்கிற இனம். கண்ணில் அதற்கு என்ன வேலை? 2014இல் வேறொரு குழு, ஆய்வகங்களில் பயன்படும் பொருள்களிலேயே என்னென்ன பாக்டீரியா மரபணு ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தது. பிராடிரைசோபியம் அந்தப் பட்டியலில் இருந்தது. அதனால் 'குழந்தையின் கண்ணில் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியா!' என்று எங்காவது படித்தால், வெறும் பஞ்சையும் வெறும் தண்ணீரையும் அதே முறையில் சோதித்தார்களா என்று நான் முதலில் பார்ப்பேன். சோதிக்கவில்லை என்றால் மேற்கொண்டு படிக்க மாட்டேன்.

குழந்தைகளிடம் இன்னொரு சங்கடமும் உண்டு. கீழ் இமையைப் பிடித்து இழுத்துப் பஞ்சுக்குச்சியைக் காட்டினால் எந்த நான்கு வயதுக் குழந்தை சும்மா இருக்கும்? அழும். அழுதால் கண்ணீர் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். குச்சி இமை ஓரத்திலும் கன்னத்திலும் படும். அப்படிப் பட்டால் அது கண்ணின் மாதிரியே கிடையாது, தோலின் மாதிரி. மரத்துப்போகும் சொட்டு விட்டு எடுக்கலாம் என்றால், அந்தச் சொட்டு மருந்து கெடாமலிருக்கச் சேர்த்திருக்கும் பொருளே பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் உள்ள பாக்டீரியா, இமை ஓரத் தோலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இப்போது அங்கே குடியிருப்பவர்களைப் பார்ப்போம். மூன்று குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எபிடெர்மிடிஸும் அதன் நெருங்கிய உறவினர்களும், தோலில் எங்கும் இருப்பவை. இரண்டாவது கோரினிபாக்டீரியம். தொண்டை அடைப்பான் நோயைத் தரும் பாக்டீரியாவுக்கு ஒரே குடும்பப் பெயர் என்றாலும், கண்ணில் இருப்பவை பெரும்பாலும் சாதுவானவை. மூன்றாவது கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ். எண்ணெய்ப் பசையை விரும்புகிற, காற்று அதிகம் படாத இடத்தைத் தேடுகிற இனம். இமை ஓரத்தில் எண்ணெய் சுரக்கும் சிறு துளைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அந்தப் பக்கம் அதற்குத் தோதான இடம். இவற்றோடு குழந்தைகளிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள் பெரியவர்களைவிடக் கூடுதலாகத் தென்படும். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

இவை கண் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. இமை ஓரத்தில் அதிகம், இமையின் உட்புற மடிப்பில் குறைவு. கருவிழியில் அனேகமாக யாரும் தங்குவதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எலிகளின் கருவிழியைச் சாயமேற்றிப் பார்த்தபோது, உயிருள்ள பாக்டீரியா அங்கே நிலைத்து வாழ்வதாகத் தெரியவில்லை. பக்கத்தில் நாக்கிலும் தோலிலும் நிறைந்து கிடக்க, கருவிழி மட்டும் துடைத்து வைத்தது போல இருந்தது. ஒளி புகுந்து போகிற ஜன்னல் அது. அங்கே யாரும் கூடாரம் அடிக்கக் கூடாது என்பதில் உடல் மிகக் கறாராக இருக்கிறது.

அந்தக் கறாரை நடத்திக் காட்டுவது கண்ணீர். கண்ணின் மேற்பரப்பில் எந்நேரமும் இருக்கும் கண்ணீரின் அளவு சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். நீங்கள் பாட்டிலிலிருந்து விடும் ஒரு சொட்டு அதைப்போல ஐந்தாறு மடங்கு. (அதனால்தான் இரண்டு மூன்று சொட்டு விட்டாலும் பெரும்பகுதி கன்னத்தில் வழிந்து வீணாகிறது. ஒன்று போதும்.) இந்தச் சிறு அளவுக்குள் லைசோசைம், லாக்டோஃபெரின், ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம், பாக்டீரியாவைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் வழுவழுப்பான மியூசின் எல்லாம் அடங்கியிருக்கின்றன. லாக்டோஃபெரின் செய்வது எளிமையான தந்திரம். பாக்டீரியா வளர இரும்புச் சத்து வேண்டும். அதை லாக்டோஃபெரின் தானே வாரி வைத்துக்கொள்கிறது. சோறு போடாமல் விருந்தாளியை விரட்டுவது மாதிரி.

லைசோசைமைக் கண்டுபிடித்தவர், பின்னால் பென்சிலினுக்காகப் பெயர் பெற்ற அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1921இல் தனக்குச் சளி பிடித்திருந்தபோது மூக்குச் சளியைத் தட்டில் இட்டுப் பார்த்தார். அங்கிருந்த ஒருவகை பாக்டீரியா கரைந்து போயிற்று. அப்புறம் கண்ணீரிலும் அதே சக்தி இருப்பது தெரிந்தது. ஆராய்ச்சிக்குக் கண்ணீர் வேண்டுமே, அதற்காக எலுமிச்சைச் சாற்றைத் தன் கண்ணிலும் கூட வேலை செய்தவர்கள் கண்ணிலும் பிழிந்து கண்ணீர் சேகரித்தார். 1922இல் அதை வெளியிட்டார். ஆனால் ஒரு ஏமாற்றம் இருந்தது. லைசோசைம் வேகமாகக் கரைத்தது பெரும்பாலும் நோய் தராத பாக்டீரியாக்களைத்தான். நியாயமாக யோசித்தால் இது தலைகீழாகப் புரியும்: லைசோசைம் எளிதில் கொன்றுவிடுகிற எதுவும் நமக்கு நோய் தரும் அளவுக்குப் பிழைப்பதில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எபிடெர்மிடிஸ், லைசோசைம் வெட்ட வேண்டிய இடத்தில் தன் செல்சுவரைச் சிறிது மாற்றி வைத்திருக்கிறது. அதனால்தான் கண்ணீரில் நனைந்தும் தாக்குப்பிடிக்கிறது. கண்ணில் யார் குடியிருக்கலாம் என்பதைக் கண்ணீர்தான் தேர்வு வைத்து முடிவு செய்கிறது என்று சொல்லலாம்.

தூங்கும்போது நிலைமை கொஞ்சம் மாறும். கண் சிமிட்டல் இல்லை, புதிய கண்ணீர் வரத்தும் குறைவு. பாக்டீரியா எண்ணிக்கை சற்று ஏறும். ஈடுகட்ட ஐஜிஏ அளவு கூடுகிறது, வெள்ளணுக்கள் வந்து காவல் நிற்கின்றன. காலையில் குழந்தையின் கண் மூலையில் காய்ந்து கிடக்கும் கொஞ்சம் பீளை அந்த இரவு வேலையின் மிச்சம்தான். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. துடைத்த பிறகு நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப மஞ்சளாக வந்தால் அது வேறு கதை.

இந்தக் குடியிருப்பவர்களால் ஏதாவது நன்மை உண்டா? அமெரிக்காவின் தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தில் ரேச்சல் காஸ்பி குழுவினர் 2017இல் வெளியிட்ட வேலை எனக்கு மிகப் பிடித்த ஒன்று. சில எலிகளின் கண்ணில் கோரினிபாக்டீரியம் மாஸ்டிடிடிஸ் என்ற இனம் நிரந்தரமாக வாழ்வதைக் கண்டார்கள். அது அங்கே இருப்பதாலேயே, வெண்படலத்தில் உள்ள டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒருவகை ஐஎல்-17 என்ற சமிக்ஞையைச் சுரக்கிறது. அந்தச் சமிக்ஞையால் கண்ணீரில் வெள்ளணுக்களும் பாக்டீரியாவுக்கு எதிரான பொருள்களும் கூடுகின்றன. ஆன்டிபயாடிக் சொட்டு விட்டு அந்த பாக்டீரியாவை அகற்றிய எலிகளுக்குக் கேண்டிடா பூஞ்சைத் தொற்று சுலபமாகப் பிடித்தது. இதில் இன்னொரு விஷயம், அந்த பாக்டீரியா தாயிடமிருந்து குட்டிக்குப் போனது, ஆனால் ஒரே கூண்டில் வாரக்கணக்கில் ஒன்றாக இருந்த மற்ற எலிகளுக்கு ஒட்டவில்லை. எலியில் பார்த்தது என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும், 'எதற்கும் இருக்கட்டும்' என்று நோயில்லாத கண்ணில் ஆன்டிபயாடிக் விடுவது ஒன்றும் தீங்கில்லாத காரியம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது.

இவை எப்போது வந்து சேர்கின்றன? பிறந்த அன்றே. பிறப்புப் பாதை வழியாக வரும் குழந்தையின் கண்ணில் தாயின் பாக்டீரியா ஒட்டிக்கொள்கிறது. சிசேரியனில், அதுவும் பனிக்குடம் உடைந்து அதிக நேரம் ஆகாமல் எடுத்த குழந்தையின் கண் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். சில நாட்களுக்குள் இரண்டு வகைக் குழந்தைகளுக்கும் வித்தியாசம் மங்கிவிடும். அம்மாவின் தோல், மூக்கு, கை எல்லாம் படுகிறதே.

பிறந்த குழந்தையின் கண் விஷயத்தில் மட்டும் நான் இந்த நிதானத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிடுவேன். அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பார்வையற்றோர் பள்ளிகளில் இருந்த குழந்தைகளில் பெரும் பகுதியினர் பிறந்த சில நாட்களில் கண்ணில் சீழ் பிடித்துப் பார்வையை இழந்தவர்கள். தாய்க்கு இருந்த, பாலுறவால் பரவும் கொனோரியா நோயின் பாக்டீரியாதான் காரணம். அந்த பாக்டீரியாவை ஆல்பர்ட் நைசர் 1879இல் அடையாளம் கண்டார். அடுத்த வருடமே ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவீத சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். அவருடைய மருத்துவமனையில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்த அந்த நோய் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சில்வர் நைட்ரேட் கண்ணை எரித்துச் சிவக்க வைக்கும், அதனால் பின்னால் எரித்ரோமைசின் களிம்பு வந்தது. 1995இல் கென்யாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த சோதனையில் 2.5 சதவீத பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினிச் சொட்டு இவை இரண்டையும்விட நன்றாக வேலை செய்தது. இன்று சில நாடுகள் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்புச் சொட்டு விடுகின்றன. சில நாடுகள் அதை விட்டுவிட்டு, கர்ப்பிணிக்கே பரிசோதனை செய்து சிகிச்சை தருவதை நம்புகின்றன.

எப்படியானாலும், பிறந்து 28 நாளுக்குள் கண் வீங்கி, சீழ் மாதிரி பீளை வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொனோரியா பாக்டீரியா பொதுவாக 2 முதல் 5 நாளுக்குள் தலைகாட்டும். அதற்குச் சேதமில்லாத கருவிழியையே துளைத்துவிடும் வல்லமை உண்டு. தாயிடமிருந்து வரும் இன்னொரு பாக்டீரியாவான கிளமிடியா 5 முதல் 14 நாளில் வரும், நுரையீரல் வரை போகும், அதற்குச் சொட்டு மட்டும் போதாது, வாய்வழி மருந்து வேண்டும். இதையும், கண்ணீர்க் குழாய் அடைப்பால் ஒரு கண் மட்டும் எப்போதும் நனைந்து, லேசாக ஒட்டிக்கொண்டிருப்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த அடைப்பில் கண்ணின் வெள்ளைப் பகுதி சிவக்காது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துகொள்ளும், அதுவரை மூக்கோரம் எப்படி அழுத்தித் தடவ வேண்டும் என்று மருத்துவர் காட்டித் தருவார்.

உங்கள் மகளின் வயதுக்கு வருவோம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் கண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதிகம் என்றேன். ஹீமோஃபிலஸும் அப்படித்தான் எட்டிப் பார்க்கும். இவற்றின் சொந்த ஊர் மூக்கும் தொண்டையும். இந்த வயதில் மூக்கு ஒழுகாத மாதம் ஏது? மூக்கைத் துடைத்த கை அடுத்த நொடி கண்ணுக்குப் போகிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே கண்ணீர் வடியும் குழாய் வேறு இருக்கிறது. ஆக, குழந்தையின் கண்ணில் நிரந்தரக் குடிகள் ஒரு பக்கம், சளியோடு வந்துபோகும் விருந்தாளிகள் ஒரு பக்கம். ஒரு வாரம் எடுத்த மாதிரியும் அடுத்த மாதம் எடுத்த மாதிரியும் ஒத்துப்போகாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

குழந்தைகளுக்கு வரும் கண்வலியில் பாக்டீரியாவின் பங்கு பெரியவர்களைவிட அதிகமாக இருப்பதும் இதனால்தான். பெரியவர்களுக்கு வரும் 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் அடினோவைரஸ். குழந்தைகளிடம் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, மொராக்செல்லா என்ற மூன்றும் முன்வரிசையில் நிற்கின்றன. காதுவலிக்கும் இதே மூன்றுதான் பெரும்பாலும் காரணம். கண்ணில் பீளையோடு காதும் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால், ஹீமோஃபிலஸ்தான் முதல் சந்தேகம். அந்த நேரத்தில் கண் சொட்டு மட்டும் விட்டுக்கொண்டிருப்பது காதுக்குப் பயன்படாது. இதில் ஒருவகை ஹீமோஃபிலஸை, காலராவைத் தேடி 1883இல் எகிப்துக்குப் போன ஜெர்மன் பாக்டீரியா ஆய்வாளர் ராபர்ட் கோஃக் அங்கே கண்வலி வந்தவர்களிடம் பார்த்திருக்கிறார்.

'தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்றே, பிறகு எப்படி?' என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஹிப் (ஹீமோஃபிலஸில் பி வகைக்கானது) தடுப்பூசியும் நிமோகாக்கஸ் (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியேயின் மறுபெயர்) தடுப்பூசியும் பாக்டீரியாவின் மேலுள்ள உறையை அடையாளம் வைத்து வேலை செய்பவை. ரத்தத்தில் புகுந்து மூளைக்காய்ச்சல் தருவது உறை போர்த்திய வகைகள்தான், அவற்றைத் தடுப்பூசி நன்றாகவே தடுக்கிறது. கண்ணுக்கு வருபவை பெரும்பாலும் உறை இல்லாத வகைகள். தடுப்பூசிக்கு அவை தெரியாது.

கண்வலி வந்த குழந்தைக்கே ஆன்டிபயாடிக் எவ்வளவு உதவுகிறது? இங்கிலாந்தில் 326 குழந்தைகளிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனையில், பாதிப்பேருக்கு குளோராம்ஃபெனிகால் சொட்டும் பாதிப்பேருக்கு மருந்தில்லாத சொட்டும் கொடுத்தார்கள். ஏழாவது நாளில் மருந்து பெற்றவர்களில் 86 சதவீதம் பேருக்குக் குணமாகியிருந்தது, பெறாதவர்களில் 83 சதவீதம். மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பீளை அதிகமாக இருந்தால் மருத்துவர் எழுதித் தருவார், ஓரிரு நாள் சீக்கிரம் சரியாகும். ஆனால் உண்மையான தொற்றிலேயே லாபம் இவ்வளவுதான் என்றால், தொற்றே இல்லாத உங்கள் மகளின் கண்ணில் சொட்டு விட்டு எதைச் சம்பாதிக்கப் போகிறோம்? எபிடெர்மிடிஸ் சில நாள் குறையும். நிறுத்தியதும் இமைத் தோலிலிருந்து திரும்பக் குடியேறும். திரும்பி வருவதில் அந்த மருந்துக்கு அசராத வகைகள் கூடுதலாக இருக்கும். கண்ணுக்குள் ஊசி மருந்து போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் சொட்டு விட்டுக்கொண்டபோது அதுதான் நடந்தது. நாளைக்கு நிஜமாகவே மருந்து தேவைப்படும்போது கையில் இருக்கும் ஆயுதம் மழுங்கியிருக்கும்.

இதைப் படித்ததும் நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். 'வெளியே சாதுவாக இருக்கலாம், அறுவை சிகிச்சையில் உள்ளே போய்விட்டால்?' நல்ல கேள்வி, மருத்துவர்கள் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். கண் விழியைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பிறகு அரிதாக உள்ளே சீழ் பிடிப்பது உண்டு. அதில் கிடைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் இதே எபிடெர்மிடிஸ். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிச் சீழ் பிடித்த 17 கண்களில் உள்ளே இருந்த பாக்டீரியாவையும் அதே நோயாளியின் இமை, வெண்படலம், மூக்கு ஆகியவற்றில் இருந்ததையும் ஒப்பிட்டார்கள். 14 பேரிடம் இரண்டும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாக இருந்தன. கத்தியிலிருந்தோ அறையின் காற்றிலிருந்தோ இல்லை, நோயாளியின் சொந்த இமையிலிருந்தே போயிருக்கிறது. வாசலில் பல வருடம் சும்மா உட்கார்ந்திருந்த ஆள், கதவு திறந்ததும் உள்ளே நுழைந்து வீட்டையே உடைத்த கதை. கண்ணின் உட்புறத்தில் கண்ணீரும் சிமிட்டலும் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மாறுகண் அறுவையில் விழியைத் திறப்பதில்லை. விழிக்கு வெளியே ஒட்டியிருக்கும் தசைகளை நகர்த்தித் தைக்கிறார்கள். அதனால் உள்ளே சீழ் பிடிக்கும் அபாயம் மிக மிக அரிது. அடுத்தது, எந்தக் கண் அறுவையானாலும் தொடங்குவதற்கு முன் பொவிடோன் அயோடின் கரைசலைக் கண்ணில் விட்டுச் சில நிமிடம் காத்திருப்பார்கள், இமைத் தோலையும் அதனால் துடைப்பார்கள். அது எபிடெர்மிடிஸா, கோரினிபாக்டீரியமா என்றெல்லாம் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் ஒரே அடியாகக் குறைத்துவிடும். அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட பாக்டீரியா என்ற தொல்லையும் கிட்டத்தட்ட இல்லை. அந்த அரை நாளுக்கு மட்டும் கண்ணைக் காலி செய்தால் போதும், முந்தின வாரமே ஆரம்பிக்க வேண்டியதில்லை. இதனால்தான் நோய் அறிகுறி இல்லாத குழந்தைக்கு அறுவைக்கு முன் இப்படி மாதிரி எடுப்பதே இப்போது பெரும்பாலும் தேவையில்லை என்று ஆகிவிட்டது. என் சொந்த அபிப்பிராயம், இந்தப் பரிசோதனை தீர்க்கும் கவலையைவிட உண்டாக்கும் கவலை அதிகம்.

வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு வரி. கிட்டப்பார்வைக்காக இரவில் மாட்டிக்கொள்ளும் லென்ஸோ பகல் லென்ஸோ போட ஆரம்பித்தால் கணக்கு மாறும். லென்ஸ் அணிபவர்களின் வெண்படலத்தில் பாக்டீரியாக் கூட்டம் தோலில் இருப்பதைப் போல மாறுவதாக நியூயார்க்கில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. சூடோமோனாஸ் போன்ற முரட்டு ஆள்களுக்குக் கருவிழியில் ஒட்டிக்கொள்ள லென்ஸ் ஒரு மேடை. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவக் கூடாது, லென்ஸ் போட்ட கண் வலித்தால் அன்றே கழற்றிவிட்டுக் காட்ட வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ரிப்போர்ட்டை அறுவை செய்யும் மருத்துவரிடம் காட்டுங்கள், மறைக்க வேண்டாம். அதைப் பார்த்து அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள். அவர் உங்களிடம் ரிப்போர்ட்டைவிட வேறு கேள்விகளைத்தான் கேட்பார்: குழந்தைக்கு இப்போது சளி, காய்ச்சல் இருக்கிறதா? இமை ஓரத்தில் செதில் மாதிரி படிந்து சிவந்திருக்கிறதா? கண்கட்டி அடிக்கடி வருகிறதா? கண் எப்போதும் நனைந்திருக்கிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் அதைச் சரி செய்யும் வரை தேதியைத் தள்ளிப் போடலாம். இமை ஓர அழற்சி இருந்தால் வெதுவெதுப்பான துணியால் ஒற்றிச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். எந்த பாக்டீரியா என்பதைவிட அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதுதான் அங்கே பிரச்சினை.

அறுவைக்குப் பிறகு மருத்துவர் தரும் சொட்டு மருந்தைச் சொன்ன நாள் வரை மட்டும் விடுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு, மிச்சமிருக்கிறதே என்று எடுத்து வைத்து ஆறு மாதம் கழித்து வேறொரு கண்வலிக்கு விடாதீர்கள். அக்கி வைரஸால் வந்த கண்வலியாக இருந்தால் அது கருவிழியைக் கெடுத்துவிடும். பாட்டிலின் முனை இமையிலோ இமை முடியிலோ படக் கூடாது. பட்டால் நாம் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்த ஆள்கள் பாட்டிலுக்குள் குடியேறுவார்கள்.

அறுவை செய்த கண் சில வாரம் சிவந்திருக்கும், அது தையலின் சிவப்பு. வலி நாளுக்கு நாள் கூடினாலோ, இமை வீங்கி மூடிக்கொண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் குழந்தை முகத்தைத் திருப்பினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, பார்வை மங்குகிறது என்று சொன்னாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு மாதிரி எடுத்து அனுப்பினால் அதை நான் முதல் வேலையாகப் பார்ப்பேன். அப்போதும் அதே எபிடெர்மிடிஸ் வளரலாம், ஆனால் அன்றைக்கு அந்தப் பெயரை வேறு மாதிரிப் படிப்போம்.